தாமதமாக விழும் கிக்: ஜே டில்லாவின் இடம் எது?

ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களில், அதாவது ராப் பாடல்களுக்கு இசை அமைப்பவர்களில், யார் பெரியவர் என்ற பேச்சு ஜே டில்லாவின் பெயர் வந்ததும் சூடேறிவிடுகிறது. ஒரு சாராருக்கு அவருக்கு மேல் ஒருவரும் இல்லை. மறு சாரார் வேறு கணக்கைக் காட்டுகிறார்கள். டாக்டர் டிரேயும் டிம்பலாண்டும் உலகமே அறிந்த வெற்றிப் பாடல்களைக் குவித்திருக்க, ஓரிரு பாடல்களைத் தவிர வானொலியில் ஒலிக்காத ஒருவரை எப்படி உச்சியில் வைப்பது என்பது அவர்கள் கேள்வி. அவர் முப்பத்திரண்டு வயதில் இறக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு புகழ் வந்திருக்குமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வழக்கில் நான் டில்லாவின் பக்கம். ஆனால் அவருக்காக வாதாடுகிறவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் சாட்சிகளே வழக்கைப் பலவீனமாக்குகின்றன என்று நினைக்கிறேன். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி ஒரு முழு ஆல்பத்தைச் செய்து முடித்தார் என்ற உருக்கமான கதை ஒன்று. இயந்திரத்தின் தாளத் திருத்தத்தை அணைத்துவிட்டு வாசித்தார், அதுதான் ரகசியம் என்ற அரைகுறை விளக்கம் மற்றொன்று. இந்த இரண்டையும் விலக்கிவிட்டுப் பார்த்தால்தான் அவர் செய்த வேலையின் அளவு தெரியும். தாளத்துக்குள் ஒலிகள் எங்கே விழ வேண்டும் என்ற வழக்கத்தை அவர் மாற்றினார். கைதேர்ந்த டிரம் கலைஞர்கள், ஒரு மின்னணுப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த இளைஞரிடமிருந்து அந்த மாற்றத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

கோனன்ட் கார்டன்ஸ்

ஜே டில்லா என்று பின்னாளில் அறியப்பட்ட ஜேம்ஸ் டெவிட் யான்சி 1974 பிப்ரவரி 7 அன்று டெட்ராய்ட்டில் பிறந்தார். தாய் மொரீன் ஆப்பரா பாடியவர். தந்தை பெவர்லி ஜாஸ் பேஸ் கலைஞர். நகரின் வடகிழக்கில், கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு கட்டிக் குடியேறிய கோனன்ட் கார்டன்ஸ் பகுதியில் அவர் வளர்ந்தார். பெர்ஷிங் உயர்நிலைப் பள்ளியில் டி3, பாட்டின் என்ற இரண்டு நண்பர்களோடு சேர்ந்தார். அந்தக் கூட்டுதான் பின்னாளில் ஸ்லம் வில்லேஜ் என்ற குழுவானது.

அவருக்கு பதிவான ஒலிகளை வெட்டி எடுத்து வாசிக்க உதவும் எம்பிசி என்ற சாம்ப்ளர் கருவியை அறிமுகம் செய்தவர், ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க் குழுவில் கீபோர்டு வாசித்த ஆம்ப் ஃபிட்லர். 1994இல் லொலபலூசா இசைச் சுற்றுப்பயணத்தில் அந்தக் குழுவும் எ டிரைப் கால்டு குவெஸ்ட் குழுவும் ஒரே மேடைகளில் வாசித்தன. அந்தச் சமயத்தில் ஃபிட்லர்தான் இளைஞர் யான்சியை டிரைப் குழுவின் கியூ-டிப்பிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். கேட்டதைக் கேட்டபடி விட்டுவிடாமல் யான்சியின் இசை இருந்த ஒலிநாடாவை மற்றவர்களிடமும் கொண்டுசென்றவர் கியூ-டிப். லாஸ் ஏஞ்சலிஸின் ஃபார்சைடு குழு தங்கள் இரண்டாவது ஆல்பத்துக்கு அவரை அழைத்தபோது, டெட்ராய்ட் பையனைப் பாருங்கள் என்று அவர்களுக்குக் கைகாட்டினார். அப்போது அந்தப் பையனின் பெயர் ஜே டீ. அட்லாண்டாவின் தயாரிப்பாளர் ஜெர்மெய்ன் டுப்ரியையும் அதே இரண்டு எழுத்துகளால் அழைத்ததால், 2001 வாக்கில்தான் அவர் ஜே டில்லா ஆனார்.

பெட்டிக்குள் நடந்தது

வழக்கின் மையம் இதுதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

எம்பிசி வரிசையை ஆகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் ராஜர் லின். 1980இல் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தவரும் அவரே. டில்லாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட எம்பிசி 3000 வெளியானது 1994இல். இந்தக் கருவி ஒவ்வொரு அடியையும் 96 துணுக்குகளாகப் பிரிக்கிறது. நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் ஒரு துணுக்கு ஏறத்தாழ 7 மில்லிவினாடி. வாசிப்பவர் விரலால் தட்டும்போது அடி சற்று முன்னே பின்னே விழுந்தால், திருத்தும் வசதி அதை இழுத்துக்கொண்டுபோய், சரியான இடத்தைக் குறிக்கும் அருகிலுள்ள கோட்டில் நிறுத்திவிடும். தாளம் கத்தரித்து வைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். உயிர் குறையும்.

அந்த உயிரைத் திருப்பிக் கொடுக்க லின் ஒரு வழி வைத்தார். ஸ்விங் என்று அதற்குப் பெயர். இரண்டிரண்டாக வரும் சின்ன அடிகளில் இரண்டாவதை மட்டும் சற்றுப் பின்னே தள்ளுவது. அளவு 50 என்றால் இரண்டும் சமம், நான்கு நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையின் ஓட்டம். 66 என்றால் இரண்டாவது அடி மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் போய் விழும், மூன்று மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையின் ஊசலாட்டம். எண்ணிப் பார்த்தால், இரண்டு சின்ன அடிகளுக்கு 48 துணுக்குகள் இருக்கும்போது, 50இல் இரண்டாவது அடி 24ஆம் துணுக்கிலும் 66இல் 32ஆம் துணுக்கிலும் வரும். இந்த எட்டுத் துணுக்கு இடைவெளியில்தான் தொண்ணூறுகளின் ஹிப்-ஹாப் பெரும்பகுதி வாழ்ந்தது.

வழக்கமான தயாரிப்பாளர் ஒரு ஸ்விங் அளவைத் தேர்ந்தெடுத்து மொத்தத் தாளத்துக்கும் அதையே வைப்பார். காலால் மிதிக்கும் பெரிய டிரம்மின் கிக், கணீரென்று அறையும் ஸ்னேர், சிறு தாளத்தட்டுகளான ஹை-ஹேட் எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்து நடக்கும். டில்லா ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி நடை கொடுத்தார். ஹை-ஹேட் நேராக ஓடும். கிக் பின்தங்கி இடறும். ஸ்னேர் வர வேண்டிய நேரத்துக்கு ஒரு கணம் முன்னதாக வந்து அறையும். எம்பிசியில் ஒரு ஒலியின் அடிகளை மட்டும் சில துணுக்குகள் முன்னேயோ பின்னேயோ நகர்த்த முடியும். அவர் அதைப் பயன்படுத்தினார். சில ஒலிகளைத் திருத்தமில்லாமல் விரலால் வாசித்தார். சிலவற்றைக் கோட்டிலேயே நிற்க விட்டார். திருத்தத்தை அணைத்துவிட்டார் என்ற ஒற்றை விளக்கம் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் கிடைப்பது பொதுவான தளர்ச்சி மட்டுமே. ஒன்று இறுகியும் ஒன்று தளர்ந்தும் இருக்கும்போதுதான் அந்த இழுபறி பிறக்கிறது.

டான் சார்னாஸ் 2022இல் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூல் இதையே அடிப்படை வாதமாக வைக்கிறது. மேற்கத்திய வெகுசன இசை நேரான நடை, ஸ்விங் நடை என்ற இரண்டையும் அறிந்திருந்தது. டில்லா இரண்டையும் ஒரே சமயத்தில் மோதவிட்டு மூன்றாவது ஒன்றை உண்டாக்கினார் என்கிறார் அவர். இதற்கு டில்லா டைம் என்றே பெயரும் வைத்தார்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் இந்த இடத்தில் நியாயமாகவே ஒரு கேள்வி எழுப்பலாம். சதுஸ்ரத்தின் மேல் திஸ்ரம் வாசிப்பது மிருதங்கக்காரர்களுக்குத் தினசரி வேலை. பாடல் தாளத்துக்கு முன்னாலோ பின்னாலோ தொடங்கும் அதீத எடுப்பும் அனாகத எடுப்பும் நமக்குப் பழையவை. அப்படியென்றால் இதில் என்ன புதுமை? ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நம் முறையில் தாளம் போடும் கை அசையாது. விலகல் எவ்வளவு சிக்கலானாலும் அந்தக் கையை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. கணக்கு தீர்ந்ததும் எல்லாம் சமத்தில் வந்து கூடும். டில்லாவின் பீட்டில், அதாவது அவர் அமைக்கும் தாளத்தில், அந்தக் கையே இல்லை. ஸ்னேரைத் தாளமாகக் கொண்டால் கிக் மிகவும் பிந்துகிறது. கிக்கைத் தாளமாகக் கொண்டால் ஸ்னேர் அவசரப்படுகிறது. எதைப் பிடித்து நிற்பது என்பதைக் கேட்பவரின் உடல் கடைசிவரை தேடிக்கொண்டே இருக்கிறது. தலை தானாக ஆடுவது அந்தத் தேடலால்தான்.

இதைத் தவறு, கவனக்குறைவு, போதையின் விளைவு என்றெல்லாம் தொடக்கத்தில் சிலர் நினைத்தார்கள். ஆனால் இரண்டு தாள ஆவர்த்தனங்கள் கொண்ட ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டு, நான்கு நிமிடம் சுழலும்போது, அதே விலகல் அதே இடத்தில் அதே அளவில் திரும்பத் திரும்ப வருகிறது. இத்தனை முறை பிசகாமல் வரும் பிசகு முடிவெடுத்துச் செய்ததாகத்தான் இருக்க முடியும்.

1995 முதல் 2000 வரை

ஃபார்சைடு குழுவின் "லேப்கேபின்கலிஃபோர்னியா" 1995 நவம்பரில் வந்தது. அதிலுள்ள "ரன்னின்" என்ற பாடலை முதல் சான்றாக வைக்கிறேன். ஸ்டான் கெட்ஸும் லூயிஸ் போன்ஃபாவும் அறுபதுகளில் பதிவுசெய்த ஒரு பிரேசிலிய கிதார் இசைத் துண்டை எடுத்து, அதன் அடியில் கிக்கை வைத்திருக்கிறார். கிதார் மிதக்கிறது. கிக் எதிர்பார்க்கும் இடத்தில் வருவதில்லை. பாடல் தயங்குவதுபோலவும் முன்னேறுவதுபோலவும் ஒரே நேரத்தில் தோன்றுகிறது. இருபத்தொரு வயது இளைஞரின் வேலை இது.

த ரூட்ஸ் குழுவின் டிரம் கலைஞர் குவெஸ்ட்லவ், ஃபார்சைடு குழுவின் நிகழ்ச்சி ஒன்றில் டில்லாவின் பீட்டை முதன்முதலாகக் கேட்டதைப் பலமுறை விவரித்திருக்கிறார். போதையேறிய ஒரு சின்னக் குழந்தை கிக்கை மிதிப்பதுபோல் இருந்தது என்பது அவர் சொல்லும் உவமை. அவர் யார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நேரடியாக வாசிக்கும்போதும் இயந்திரத்தின் லூப் போலப் பிசகாமல் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக உழைத்துப் பெயர் வாங்கியவர் அவர். அந்தக் கைதான் தன் பாடத்தை மறந்து புதிதாகக் கற்க முடிவுசெய்தது.

கற்றதன் விளைவு 2000 ஜனவரியில் வெளியான, பாடகர் டி'ஆஞ்சலோவின் "வூடூ" ஆல்பம். நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்காகக் குவெஸ்ட்லவ் டிரம் வாசித்தார். பீனோ பல்லடினோ பேஸ் வாசித்தார். டி'ஆஞ்சலோ அவர்களிடம் கேட்டது இன்னும் தளர்வாக, இன்னும் பிந்தி, விழுந்துவிடுவதுபோல் வாசிக்க வேண்டும் என்பதைத்தான். அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் பட்டியலில் டில்லாவின் பெயர் இல்லை. ஆனாலும் வாசித்தவர்களே அவரை மூலமாகச் சொல்கிறார்கள். அந்த ஆல்பத்தின் ஒரு பாடலில் துடிப்பு உண்மையில் எங்கே விழுகிறது என்று நார்வேயின் இசை ஆய்வாளர் ஆன் டேனியல்சன் தனிக் கட்டுரையே எழுதும் அளவுக்கு அது ஆராய்ச்சிப் பொருளாகவும் ஆனது. என் பார்வையில் இந்த வழக்கின் மிக வலுவான ஒற்றைச் சான்று இதுதான். பெயரே போடப்படாத ஓர் ஆல்பத்தில் ஒருவருடைய கை இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

அதே கூடத்தில், அதே நண்பர்கள் வட்டத்தில் ராப் பாடகர் காமனின் "லைக் வாட்டர் ஃபார் சாக்லெட்" ஆல்பமும் பாடகி எரிக்கா பாடுவின் "மாமாஸ் கன்" ஆல்பமும் உருவாயின. இரண்டும் 2000இல் வந்தவை. காமனின் "த லைட்" பாடலுக்கு டில்லா பாபி கால்டுவெல்லின் குரலை வெட்டி வைத்தார். ஹிப்-ஹாப்பில் எழுதப்பட்ட மிக நேர்மையான காதல் கடிதங்களில் ஒன்று அதன்மேல் அமர்ந்திருக்கிறது. எரிக்கா பாடு டெட்ராய்ட்டுக்குப் போய் டில்லாவின் இசைத்தட்டுக் குவியலிலிருந்து தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். டரிக்கா புளூ என்ற அதிகம் அறியப்படாத ஜாஸ் குழுவின் தட்டு அது. அதிலிருந்து பிறந்ததுதான் "டிடன்ட் சா நோ". அந்தப் பாடலில் பேஸ் வரும் இடத்தையும் அதற்குப் பிடிகொடுக்காமல் நகரும் டிரம்மையும் கேட்டுப் பாருங்கள். நான் மேலே துணுக்குக் கணக்கில் சொன்னதெல்லாம் அங்கே உடலுக்கு நேராகப் புரியும்.

ஸ்லம் வில்லேஜின் "ஃபென்டாஸ்டிக், வால்யூம் 2" அதே ஆண்டு அதிகாரபூர்வமாக வந்தது. அதற்கு முன்பே கையிலிருந்து கைக்குப் போன நாடாப் பிரதிகள் வழியாகச் சக இசைக்கலைஞர்கள் அதைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். 2001இல் வந்த "வெல்கம் டு டெட்ராய்ட்" அவருடைய வீச்சுக்குச் சான்று. டொனால்டு பேர்டின் ஜாஸ் பாடலை மறுபடி பாடும் அதே ஆல்பத்தில் கிராஃப்ட்வெர்க்கின் நிழல் விழுந்த மின்னணு இசையும் பிரேசிலிய போசா நோவாவும் இருக்கின்றன. டெக்னோ பிறந்த ஊர்க்காரர் என்பது அதில் தெரிகிறது.

பெயர் போடப்படாத உழைப்பு

டில்லாவிடம் வெற்றிகள் இல்லை என்பவர்கள் ஒரு விவரத்தைக் கவனிப்பதில்லை. கியூ-டிப், அலி ஷஹீத் முகமது ஆகியோருடன் அவர் சேர்ந்து இயங்கிய தயாரிப்புக் கூட்டணியின் பெயர் த உம்மா. டிரைப் குழுவின் 1996ஆம் ஆண்டு ஆல்பமான "பீட்ஸ், ரைம்ஸ் அண்ட் லைஃப்" அந்தப் பெயரில்தான் வந்தது, பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடமும் பிடித்தது. கூட்டுப் பெயருக்குள் யாருடைய கை எது என்று சாதாரண ரசிகருக்குத் தெரியவில்லை. பழைய டிரைப் ஒலியை எதிர்பார்த்தவர்கள் இந்த ஆல்பத்தில் ஏமாந்தபோது, பெயர் தெரிந்த அளவுக்குப் பழி மட்டும் புது ஆளின் மேல் விழுந்தது. இன்று கேட்டால் அந்தக் குறை நியாயமற்றதாகத் தோன்றுகிறது. அந்த ஆல்பத்தின் இறுக்கமும் மங்கலும் வேண்டுமென்றே செய்தவை.

ஜேனட் ஜாக்சனின் 1997ஆம் ஆண்டுப் பாடலான "காட் டில் இட்ஸ் கான்" இன்னும் தீராத தகராறு. அதிகாரபூர்வமாக அது ஜேனட்டும் ஜிம்மி ஜாம், டெரி லூயிஸ் இருவரும் தயாரித்தது. தன் வேலை அதில் இருந்தும் பெயர் வரவில்லை என்பது டில்லாவின் குறை. டிரம்மைக் கேட்பவர்களில் பலர் அவரை நம்புகிறார்கள். நான் அதை இந்த வழக்கில் சான்றாகச் சேர்க்கவில்லை. ஆவணம் ஒரு பக்கம் இருக்க, காதை மட்டும் வைத்து ஒருவருடைய உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுவது சரியல்ல. அது இல்லாமலேயே அவர் பக்கம் போதுமான எடை இருக்கிறது.

எதிர்த்தரப்பு

எதிர்த்தரப்பின் வாதங்களில் மிகக் கனமானது, இதை முதலில் செய்தவர் அவர் அல்ல என்பது. இது உண்மை. பில்லி ஹாலிடே தாளத்துக்குப் பின்னால் பாடிப் பாடியே ஒரு மரபை உண்டாக்கினார். பியானோ கலைஞர் எரோல் கார்னரின் இடக்கை கடிகாரம்போல் நடக்க, வலக்கை பிந்தி வந்துகொண்டே இருக்கும். ஒரே உடலில் இரண்டு காலங்கள். நியூ ஆர்லியன்ஸ் டிரம் கலைஞர்கள், குறிப்பாக மீட்டர்ஸ் குழுவின் சிகபூ மோடலிஸ்ட், நேருக்கும் ஸ்விங்குக்கும் நடுவே உள்ள இடுக்கில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே குடியிருந்தார்கள். ஹிப்-ஹாப்பிலேயே வூ-டாங் குழுவின் ரிஸா 1993இல் முரட்டுத்தனமாகத் தளர்ந்த தாளங்களை வைத்துவிட்டார். தயாரிப்பாளர் பீட் ராக்கைத் தன் ஆதர்சமாக டில்லாவே கொண்டிருந்தார்.

ஆகவே "முதன்முதலில்" என்ற சொல்லை அவருடைய ஆதரவாளர்கள் கைவிட வேண்டும். அதைக் கைவிட்டால் வாதம் பலம்தான் பெறுகிறது. கார்னரின் பிந்தலைக் கார்னரிடமிருந்து பிரித்தெடுக்க முடியாது. அது அந்த விரல்களோடு பிறந்து அந்த விரல்களோடு போயிற்று. டில்லா விலகலை ஒலி ஒலியாகப் பிரித்தார், அளவை நிர்ணயித்தார், லூப்பில் பூட்டினார். அப்படிப் பூட்டியதால் மற்றவர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த ஒலி எவ்வளவு விலகுகிறது என்று கண்டு, கற்றுக்கொள்ள முடிந்தது. தனிமனிதரின் சாயலாக இருந்ததைப் பிறர் பயிலக்கூடிய இலக்கணமாக்கியது அவருடைய சாதனை. அந்த இலக்கணத்தின் வேர் கறுப்பின இசையின் நூறாண்டு மரபில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதால் அவருக்கு எந்தக் குறையும் வராது.

வெற்றிப் பாடல்களின் எண்ணிக்கை என்ற வாதத்தை நீட்டிப் பேச வேண்டியதில்லை. அதில் அவர் தோற்கிறார். டிரேயின் "த குரோனிக்" 1992இல் வந்து அமெரிக்காவின் மேற்குக் கரை ஹிப்-ஹாப்பின் ஒலியையே மாற்றியது. டிம்பலாண்டும் நெப்டியூன்ஸும் வானொலியை மாற்றினார்கள். ஆனால் செல்வாக்கு என்பது அந்த ஒரு வழியில் மட்டும் பாய்வதில்லை. எண்பதுகளில் மார்லி மார்ல், இசைத்தட்டிலிருந்து டிரம் அடிகளைத் தனித்தனியாக எடுத்துப் புதிதாகக் கோக்கலாம் என்று காட்டினார். அவர் பெயரை அறியாத கோடிக்கணக்கானோர் அந்த முறையில் உருவான பாடல்களைக் கேட்டு வளர்ந்தார்கள். டில்லாவை வைக்க வேண்டிய வரிசை அது.

ஸ்லம் வில்லேஜின் பாடல்வரிகள் ஆழமற்றவை என்ற குறை சரி. ராப் பாடகராக டில்லா சுமார்.

மரணம் புகழைப் பெருக்கியது என்ற வாதத்துக்கு ஆண்டுகளே பதில் சொல்கின்றன. குவெஸ்ட்லவ் தன் கையை மாற்றிக்கொண்டது தொண்ணூறுகளில். "வூடூ", "லைக் வாட்டர் ஃபார் சாக்லெட்", "மாமாஸ் கன்" மூன்றும் 2000இல். தயாரிப்பாளர் மேட்லிப் அவரோடு சேர்ந்து "சாம்பியன் சவுண்ட்" வெளியிட்டது 2003இல். கான்யே வெஸ்ட் பெரும்பகுதியைத் தயாரித்த காமனின் "பி" ஆல்பத்தில் மீதி இரண்டு பாடல்களைச் செய்தவர் டில்லா, ஆண்டு 2005. அவர் உயிரோடு இருந்தபோதே அவருடைய துறையினர் அவரை ஆசானாக ஏற்றுவிட்டார்கள். சட்டைகளில் பெயர் அச்சிடப்பட்டதும், பிரான்ஸின் மோன்பெல்லியே நகரில் ஒரு நடைபாதைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டதும் பின்னால் நடந்தவை. பொதுமக்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டார்கள். இசைக்கலைஞர்கள் தாமதிக்கவில்லை.

"டோனட்ஸ்" என்ற கதையும் "டோனட்ஸ்" என்ற ஆல்பமும்

2002இல் அவருக்கு டிடிபி என்ற அரிய இரத்த நோய் இருப்பது தெரியவந்தது. லூபஸ் நோயும் சேர்ந்துகொண்டது. லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்த பிறகு நீண்ட நாட்கள் மருத்துவமனையில் கழிந்தன. தாய் மொரீன் உடனிருந்து பார்த்துக்கொண்டார். 2005இன் இறுதியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி ஐரோப்பிய மேடைகளில் தோன்றினார். "டோனட்ஸ்" 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய முப்பத்திரண்டாவது பிறந்த நாளில் வெளியானது. பிப்ரவரி 10 அன்று இறந்தார்.

இந்தத் தேதிகளின் கனத்தில், முழு ஆல்பமும் மருத்துவமனைக் கட்டிலில் ஒரு சின்ன சாம்ப்ளரையும் கையடக்க இசைத்தட்டுக் கருவியையும் வைத்துச் செய்யப்பட்டது என்ற கதை பரவிவிட்டது. அங்கேயும் அவர் வேலை செய்தார் என்பது உண்மை. தாய் பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் ஆல்பத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே வீட்டில் செய்த ஒரு பீட் தொகுப்பிலிருந்து வந்தது என்பதைச் சார்னாஸ் விரிவாக நிறுவியிருக்கிறார். அதை வெளியிட்ட ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனத்தின் ஜெஃப் ஜேங்க் அதை ஆல்பத்தின் நீளத்துக்கு விரித்து அமைத்தார்.

இதைச் சொன்னால் ரசிகர்களில் சிலர் வருந்துகிறார்கள். நான் மகிழ்கிறேன். சாகும் மனிதர் செய்தது என்பதால் அந்த ஆல்பத்தை மன்னித்துக் கேட்க வேண்டிய தேவை இல்லை. 31 துண்டுகள், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். முதலில் வருவது முடிவுரை, கடைசியில் வருவது வரவேற்பு. கடைசித் துண்டின் வால் முதல் துண்டின் தலையில் போய்ச் சேர்கிறது. "டோன்ட் கிரை" என்ற துண்டில் எஸ்கார்ட்ஸ் என்ற சோல் குழுவின் பாடலை முதலில் ஏறத்தாழ உள்ளபடியே ஓடவிடுகிறார். இதுதான் நான் எடுத்த பொருள், பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. பிறகு அதே பாடலைத் துண்டு துண்டாக நறுக்கி, மூலத்தில் இல்லாத ஒரு மெட்டை அதிலிருந்தே எழுப்புகிறார். சாம்பிள் எடுப்பது திருட்டு என்று சொல்பவர்களுக்கு இரண்டு நிமிடத்துக்குள் கொடுத்த பதில் அது. இந்தக் கைத்திறனைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கட்டிலையும் சக்கர நாற்காலியையும் பேசுவது அவருக்குச் செய்யும் அநீதி.

பிறகு

டில்லாவின் பாடம் ஜாஸுக்குத் திரும்பிப் போனது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் 2007இல் வெளியிட்ட ஆல்பத்தில் டில்லாவின் பீட்களை மூவர் குழுவோடு நேரடியாக வாசித்துக் காட்டினார். டிரம் கலைஞர்கள் கிறிஸ் டேவும் கரீம் ரிக்கின்ஸும் அந்த இடறலைக் கைவேகமாகவே ஆக்கிக்கொண்டார்கள். டில்லா முடிக்காமல் விட்ட "த ஷைனிங்" ஆல்பத்தை 2006இல் முடித்துக் கொடுத்தவரும் ரிக்கின்ஸ்தான். 2009இல் மிகேல் அட்வுட்-ஃபெர்குசன் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு முழு வாத்தியக் குழுவை வைத்து டில்லாவின் இசையை அவருடைய தாய்க்குக் காணிக்கையாக வாசிக்கச் செய்தார். ஜாஸ் தட்டிலிருந்து சாம்பிளாக இயந்திரத்துக்குள் போனது, தாளம் திரிந்து, மறுபடி ஜாஸ் கலைஞர்களின் கைக்கு வந்தது. வேறெந்த ஹிப்-ஹாப் தயாரிப்பாளரின் வேலையும் இந்த முழுச் சுற்றை இவ்வளவு ஆழமாகச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

படிக்கும்போது ஓடவிடும் லோ-ஃபை பீட்களின் பெருவெள்ளம் இன்னொரு பக்கம். அதன் முன்னோடிகளாக டில்லாவையும் ஜப்பானின் நுஜாபெஸையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். இருவரும் பிறந்தது ஒரே நாள், 1974 பிப்ரவரி 7. இந்த வாரிசுரிமையை டில்லாவின் பெருமைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. அந்த பீட்களில் பெரும்பாலானவை அவருடைய மங்கலையும் இசைத்தட்டின் கரகரப்பையும் எடுத்துக்கொண்டு, இழுபறியை விட்டுவிட்டன. எல்லா ஒலிக்கும் ஒரே ஸ்விங், ஒரே தூக்கக் கலக்கம். டில்லாவின் இசை யாரையும் தூங்கவைப்பதற்கல்ல. அவருடைய "ரஃப் டிராஃப்ட்" தொகுப்பைக் கேட்டவர்களுக்கு அது தெரியும்.

அவருடைய எம்பிசியும் மினிமூக் சிந்தசைசரும் இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. தாய் கொடுத்தவை.

என் தீர்ப்பு இது. பாடல்களை முழுமையாக உருவாக்கி, பாடகரை வழிநடத்தி, ஒரு காலத்தின் ஒலியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்த தயாரிப்பாளர் யார் என்று கேட்டால் டிரேயைச் சொல்வேன். வெட்டிக் கோக்கும் கலையின் நேர்த்தி என்றால் தயாரிப்பாளர் டிஜே பிரீமியரை முதலில் வைப்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. இசைக்கலைஞர்கள் தாளத்தை உணரும் விதத்தை மாற்றியவர் யார் என்ற கேள்வியில் டில்லாவுக்கு அருகில்கூட இன்னொரு ஹிப்-ஹாப் தயாரிப்பாளரை என்னால் நிறுத்த முடியவில்லை. மறுப்பவர்கள் முதலில் "ரன்னின்" பாடலையும் பிறகு "வூடூ" ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்கட்டும். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவின் மிகத் துல்லியமான டிரம் கலைஞர்களில் ஒருவர் ஏன் பிந்தி வாசிக்கத் தொடங்கினார் என்பதற்கு டெட்ராய்ட்டின் பெயரைச் சொல்லாமல் ஒரு விளக்கம் கொடுக்கட்டும்.